தாத்தா எழுதின தமிழ் எங்கே போச்சு?

திருநெல்வேலியில் ஒரு வீடு. ஏழாம் வகுப்பு படிக்கும் பேரனுக்குப் பள்ளியில் வித்தியாசமான வீட்டுப்பாடம் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் ஏதாவது ஒரு சொல்லை எழுதிக்கொண்டு வர வேண்டும். பையன் அம்மாவின் போனை வாங்கி, சொல்லை 0, 1 ஆக மாற்றித் தரும் தளம் ஒன்றைத் தேடிப் பிடித்தான். முதலில் ஆங்கில எழுத்துகளில் 'அம்மா' என்று தட்டினான். நான்கு எழுத்து, 32 இலக்கம். எழுத்துக்கு எட்டு. கணக்கு சரியாக வந்தது.

பிறகு அதே சொல்லைத் தமிழில் தட்டினான். திரை நிரம்பி வழிந்தது. எண்ணிப் பார்த்தால் 120 இலக்கம்.

"ஆச்சி, அம்மான்னா மூணு எழுத்துதான?"

"மூணுதாம்ல. அதுல என்ன சந்தேகம்?"

மூன்றால் வகுத்தால் ஓர் எழுத்துக்கு 40 வருகிறது. ஆனால் எந்த இடத்தில் வெட்டினாலும் நாற்பது நாற்பதாகப் பிரியவில்லை. போன் கெட்டுவிட்டது என்று பையன் முடிவு செய்தான். போன் கெடவில்லை. கம்ப்யூட்டர் 'அம்மா'வை எழுத்துக் கூட்டும் விதம் வேறு.

எடைக்கல் கணக்கு

0, 1 கணக்கைப் புரிந்துகொள்ள மளிகைக்கடைத் தராசு போதும். 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று எட்டு எடைக்கற்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒன்றுதான் உண்டு. தட்டில் வைத்தால் 1, வைக்காவிட்டால் 0. இந்த எட்டுக் கற்களை வைத்து 0 முதல் 255 வரை எந்த எடையையும் நிறுத்துவிடலாம். அதிலும் ஓர் எடைக்கு ஒரே ஒரு வழிதான். ஒரு கல்லின் இடத்துக்குப் பெயர் பிட். எட்டு இடம் சேர்ந்தால் பைட்.

ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65 என்ற எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 64 கல் ஒன்று, 1 கல் ஒன்று. ஆகவே 01000001. யார் கொடுத்த எண் இது? 1963-ல் அமெரிக்காவில் வெளியான 'ஆஸ்கி' என்ற பட்டியல். ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாவற்றையும் 128 இடங்களுக்குள் அடக்கிவிட்டார்கள். 'ஏ'வுக்கு 65 என்பதில் இயற்கை விதி எதுவும் இல்லை. உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். அனுப்புகிறவர் கையிலும் படிக்கிறவர் கையிலும் ஒரே பட்டியல் இருந்தால் 01000001 என்பது 'ஏ'. பட்டியல் மாறிப்போனால் அதே 01000001 வேறு எதுவாகவும் இருக்கலாம்.

தமிழுக்கு இன்று உள்ள பட்டியல் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. அதிலேயே தமிழ் உண்டு. 'அ'வின் எண் 2949. பெரிய கற்கள் வேண்டும்: 2048, 512, 256, 128, 4, 1. கூட்டினால் 2949. இலக்கமாக எழுதினால் 101110000101.

பன்னிரண்டு இலக்கம்தான் வருகிறது. பையனுக்கு எழுத்துக்கு 24 எப்படி வந்தது?

எண்ணைப் பட்டியலில் வைப்பது ஒரு வேலை, அதைப் பைட்டுகளாகக் கட்டி அனுப்புவது இன்னொரு வேலை. இன்று இணையத்தில் பெரும்பாலும் ஓடுவது யூ.டி.எஃப்-8 என்ற கட்டுமுறை. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் சாப்பிடும்போது மேசை விரிப்புத் தாளில் எழுதி உருவாக்கியது. ஆங்கில எழுத்து ஒரு பைட்டோடு முடிந்துவிடும். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். 'அ' இப்படிப் போகும்:

11100000 10101110 10000101

இதை ரயிலாகப் பார்த்தால் எளிது. முதல் பைட் இன்ஜின். அதன் தொடக்கத்தில் உள்ள மூன்று 1-களும் ஒரு 0-வும் 'என்னையும் சேர்த்து மூன்று பெட்டி' என்று சொல்கின்றன. அடுத்த இரண்டும் 10 என்று தொடங்கும். 'நான் இன்ஜின் இல்லை, பின்னால் வருகிற பெட்டி' என்று அர்த்தம். இந்த அடையாளங்களைக் கழித்துவிட்டு மீதியை வரிசையாக ஒட்டினால் 0000, 101110, 000101. முன்னால் உள்ள 0-களைத் தள்ளினால் மறுபடியும் 101110000101, அதாவது 2949, அதாவது 'அ'. வழியில் எங்கே ஏறினாலும் இன்ஜின் எது, பெட்டி எது என்று தெரிந்துவிடும். அந்த உணவகத்துத் தாளின் புத்திசாலித்தனம் அதில்தான் இருக்கிறது.

இப்போது 120-க்கு வரலாம். 'ம்' என்பதை யூனிகோடு ஓர் எழுத்தாக வைத்திருக்கவில்லை. 'ம' ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று. 'மா'வும் அப்படியே: 'ம' ஒன்று, கால் ஒன்று. ஆக, அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து. ஐந்து தரம் 24 என்றால் 120. ஆச்சிக்கு இதைச் சொன்னபோது அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "நாங்க சிலேட்டுல எழுதும்போதும் மானா போட்டுக் காலிழுன்னுதான சொல்லிக் குடுத்தாக."

247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்ற வாதம் தமிழ்க் கணினி உலகில் பல காலம் நடந்தது. அப்படி அமைந்த டேஸ்-16 என்ற முறையையும் யூனிகோடையும் 2010-ல் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது. ஆனால் கைப்பேசியில் புழங்குவது யூனிகோடுதான்.

இந்தக் கணக்கு பர்ஸையும் தொடும். ஒரு எஸ்.எம்.எஸ். என்பது 140 பைட், அதாவது 1,120 பிட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து போகும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் கொடுப்பதால் 70 தான். அதிலும் 'அம்மா'வே ஐந்தைத் தின்றுவிடும். ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்தோ இமோஜியோ நுழைந்தால்கூட முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். 'ஒரு மெசேஜ்தானே அனுப்பினேன், ஏன் இரண்டுக்குக் காசு பிடித்தார்கள்' என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பையன்களுக்கு இன்னொரு குழப்பமும் வரும். ஒரு தளத்தில் 'அ'வுக்கு 24 இலக்கம் வரும், இன்னொன்றில் 12 அல்லது 16. முதலாவது பைட்டுகளைக் காட்டுகிறது, இரண்டாவது பட்டியல் எண்ணைக் காட்டுகிறது. இரண்டும் சரி. ஆனால் ஒரு தளத்தில் மாற்றியதை இன்னொரு தளத்தில் ஒட்டித் திருப்பினால் உளறல்தான் கிடைக்கும். போன தளத்திலேயே திரும்பி வர வேண்டும். கூடவே ஒன்று: 0, 1 ஆக மாற்றி அனுப்பினால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று நினைக்கக் கூடாது. அதில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம்.

பீரோவிலிருந்து வந்த சிடி

பேரன் 0, 1 வரிசையை மறுபடி 'அம்மா' ஆக்கிக் காட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து ஒரு சிடி வந்தது. மேலே நீல மையில் '1999' என்று மட்டும் எழுதியிருந்தது.

"தாத்தா நம்ம குடும்பத்து வரலாற எழுதி, ஜங்ஷன்ல டிடிபி சென்டர்ல குடுத்து அடிச்சு வாங்குனாக. பிரிண்ட் எடுத்தது வெள்ளத்துல போச்சு. இதத் திருப்பிக் குடுப்பியா?"

வீட்டு லேப்டாப்பில் சிடி போடும் வசதி இல்லை. பக்கத்து பிரவுசிங் சென்டரில் கொடுத்து பென் டிரைவில் ஏற்றி வாங்கினார்கள். கோப்பு திறந்தது. ஆனால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொட்டிக் கிடந்தன.

"தாத்தா தமிழ்லதானல எழுதினாக?"

தமிழில்தான் எழுதினார். அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. காணாமல் போனது பட்டியல்.

அந்தக் காலத்தில் தமிழுக்குப் பொதுவான பட்டியல் புழக்கத்துக்கு வரவில்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். தமிழ்நாட்டிலும் அதைவிட அதிகமாக இலங்கையிலும் புழங்கிய 'பாமினி' அவற்றில் ஒன்று. அது தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை ஒட்டி அமைந்தது. அதில் 'அம்மா' என்று அடிக்க ஆங்கில விசைப்பலகையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கோப்புக்குள் பதிவாவதும் அந்த ஐந்தின் எண்கள்தான்: 109, 107, 59, 107, 104. முதல் எண்ணை எடைக்கல்லில் நிறுத்தால் 64, 32, 8, 4, 1. ஆகவே 01101101. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது சுத்தமான ஆங்கில 'எம்'. பாமினி எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் அந்த இடத்தில் 'அ' என்று படம் வரைந்து காட்டும். எழுத்துரு இல்லாத போனில் வேடம் கலைந்து 'எம்' தெரியும்.

அதாவது தாத்தா எழுதிய பிட்டுகளில் ஒன்றுகூட மாறவில்லை. அதைத் தமிழாகப் பார்க்கச் சொல்லிக் கொடுத்த எழுத்துருதான் டிடிபி சென்டரின் கம்ப்யூட்டரோடு போய்விட்டது.

இந்தக் கூத்தை அடக்க அப்போதே முயற்சிகள் நடந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாப், டாம் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலில் பேசிப் பேசியே 'திஸ்கி' என்ற இன்னொன்றை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பழைய இலக்கியங்களை ஒரு குறியீட்டில் தட்டி, அது மாறியபோது இன்னொன்றுக்கு மாற்றி, கடைசியில் யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். சங்க இலக்கியத்துக்கு அப்படிச் சுமந்து வர ஆட்கள் இருந்தார்கள். குடும்ப வரலாறு, ஊர்க் கோயில் தல வரலாறு, சங்கத்து ஆண்டு மலர், அச்சேறாத ஆய்வேடு இவற்றையெல்லாம் அவரவர் வீட்டார்தான் சுமக்க வேண்டும்.

வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் வேர்டு கோப்பைத் திறந்து, வரியின் மீது கர்சரை வைத்தால், எழுத்துருவின் பெயர் மேலே தெரியும். எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டாலும் பெயர் கோப்பில் தங்கியிருக்கும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள்கள் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தருபவை. ஆன்லைனிலும் மாற்றிகள் உண்டு. ஆனால் பத்திரம், பட்டா, வங்கி விவரம் இருக்கும் கோப்பை முகம் தெரியாத தளத்தில் ஒட்டாமல், கம்ப்யூட்டரிலேயே இயங்கும் மென்பொருளில் மாற்றுவது நல்லது.

பேரன் கோப்பைத் திறந்து பார்த்தான். பாமினிதான். மொத்தத்தையும் பிரதி எடுத்து மாற்றியில் போட்டு ஒரு பொத்தானைத் தட்டினான். 'அம்மா' என்று தொடங்கியது முதல் வரி. தாத்தா தன் அம்மாவிடமிருந்துதான் கதையைத் தொடங்கியிருந்தார்.

ஔவைக்கு வந்த சோதனை

மாற்றியதை அப்படியே நம்பிவிடக் கூடாது. தட்டச்சு வழி வந்த எழுத்துருக்களில் 'கௌ'வின் கடைசி உறுப்புக்கும் 'ள' எழுத்துக்கும் ஒரே விசை. 'கௌரி'க்கும் 'கெளிறு' மீனுக்கும் முதல் மூன்று தட்டல் ஒன்றே. 'ஔவை'யும் 'ஒளி'யும் ஒரே மாதிரி தொடங்கும். மனிதக் கண்ணுக்கு இடம் பார்த்துப் புரியும். மாற்றிக்குப் பல நேரம் புரியாது. அதனால்தான் இணையத்தில் 'ஒளவையார்' என்றும் 'கெளரவம்' என்றும் இன்றுவரை உலவுகிறது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும். உள்ளே 'ஔ' என்பது மூன்று பைட், 'ஒள' என்பது ஆறு. சரியாகத் தட்டித் தேடுகிறவருக்குத் தவறாக அடித்த ஔவை கிடைக்காமல் போகலாம்.

தாத்தாவின் கோப்பிலும் ஒரு கௌரி அத்தை 'கெளரி' ஆகியிருந்தார். ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு திருத்தினார். பழைய கோப்பை அழிக்காமல் வைத்துக்கொள்ளும்படி பேரனின் அம்மா சொன்னார். நல்ல யோசனை. மாற்றியதில் பிழை தெரிந்தால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

அதே பென் டிரைவில் மாமாவின் கோப்பும் ஒன்று இருந்தது. தாத்தா போன பிறகு, விட்டுப்போன பெயர்களைச் சேர்த்து அவர் 2009-ல் எழுதியது. யூனிகோடிலேயே தட்டியது. அதைத் திறந்தால் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. வரிவரியாகக் கேள்விக்குறிகள்.

குப்பையாகத் தெரிவது எல்லாம் ஒரே நோய் இல்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தப் போனில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். இன்னொரு போனில் தெரியும். வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் தலையில் கோடு போட்ட 'ஏ'வும் திரும்பத் திரும்ப வந்தால், யூ.டி.எஃப்-8 ரயிலின் மூன்று பெட்டிகளையும் யாரோ தனித்தனியாகப் பழைய மேற்கத்தியப் பட்டியலை வைத்துப் படித்திருக்கிறார்கள். திறக்கும்போது யூ.டி.எஃப்-8 என்று தேர்வு செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆங்கிலமும் அரைப்புள்ளியும் என்றால் பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. இந்த மூன்றுக்கும் மருந்து உண்டு.

வெறும் கேள்விக்குறிக்கு இல்லை. பழைய நோட்பேடில் தமிழைத் தட்டி, சேமிக்கும்போது 'ஆன்சி' என்ற வகையை மாற்றாமல் விட்டால், 'இதில் உள்ள சில எழுத்துகள் அழிந்துவிடும்' என்று ஓர் எச்சரிக்கை வரும். பலர் படிக்காமல் 'ஓகே' கொடுத்தார்கள். அந்த நொடியில் பட்டியலில் இல்லாத ஒவ்வொரு தமிழ்க் குறியின் இடத்திலும் கேள்விக்குறியின் எண்ணான 63, அதாவது 00111111, எழுதப்பட்டுவிட்டது. 'அ'வுக்கும் அதே, 'ழ'வுக்கும் அதே. திருப்பிப் படிக்க உள்ளே எதுவும் இல்லை. விண்டோஸில் 2019-க்குப் பிறகுதான் நோட்பேடு தானாகவே யூ.டி.எஃப்-8-ல் சேமிக்கத் தொடங்கியது. மாமாவின் கோப்பு அதற்குப் பத்து ஆண்டு மூத்தது.

ஆனால் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. இடைவெளிகள் அழியவில்லை. ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி என்பதால் எண்ணிக்கையும் அழியவில்லை. முதல் வரியில் தாத்தாவின் ஆச்சி பெயர் இருக்க வேண்டும். பேரன் எண்ணினான். பதின்மூன்று.

"ஆச்சி, அவுங்க பேரு என்னது?"

ஆச்சி யோசித்தார். கல்யாணமாகி வந்தபோது அந்தப் பெரிய ஆச்சி உயிரோடு இல்லை. "வள்ளியம்மைன்னு சொல்லுவாக."

பையன் விரல் விட்டான். வ, ள, புள்ளி, ள, கொக்கி, ய, ம, புள்ளி, ம, முன்னால் வரும் ஐகாரம். பத்து. "இல்ல ஆச்சி. பத்துதான் வருது."

"அப்போ இசக்கியம்மாளா இருக்கும்."

மறுபடி எண்ணினான். பதின்மூன்று. பையன் துள்ளினான். ஆச்சி கையமர்த்தினார். "பொறுல. பேச்சியம்மாள்னும் ஒரு பேரு காதுல விழுந்திருக்கு. அத எண்ணு."

ப, ஏகாரம், ச, புள்ளி, ச, கொக்கி, ய, ம, புள்ளி, ம, கால், ள, புள்ளி. அதுவும் பதின்மூன்று.

இருவரும் திரையில் இருந்த பதின்மூன்று கேள்விக்குறிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு ஆச்சி போனை வாங்கி, கடையத்தில் இருக்கும் தன் நாத்தனாருக்குப் போட்டார். அவருக்கு 86 வயது. மணி நான்கு முறை அடித்தபின் எடுத்தார்.

"மைனி, ஒங்க ஆச்சி பேரு இசக்கியா, பேச்சியா?"